வாசிக்க மட்டும்

பீல் நகரம், ஜனவரி, இரவு ஒன்று நாற்பது.
ஏரிப் பக்கமிருந்து ஏறிய பனிமூட்டம்
எதிர்வீட்டுப் பால்கனியை அழித்துவிட்டது.
மடிக்கணினி மூன்றாம் முறையும்
பாதி வழியில் நின்று
வெள்ளை எழுத்தில் எதையோ புலம்பி
இருண்டு போகிறது.

நாளை மதியம் சீட்டுக் கூறல்.
இருபத்திரண்டு பேர், ஆளுக்கு மாதம் ஐந்நூறு ஃபிராங்க்.
யார் தந்தது, யார் தரவேண்டியது,
யார் எவ்வளவு கழித்து எடுத்தது
எல்லாம் இதற்குள்.
கொப்பியிலும் எழுதிவை என்றவர்களைப் பார்த்துச்
சிரித்தவன் நான்.

எஃப் பன்னிரண்டை விடாமல் தட்டுகிறேன்.
பட்டியல் வருகிறது. அதன் கடைசி வரியில்
இரண்டு மாரிக்கு முன் நானே ஒதுக்கிவைத்த
எட்டு ஜிபி.
அன்று நிரோஜினி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.
"அப்ப உமக்கு ஒரு சின்ன வீடு" என்று
கண்ணீரோடு சிரித்தாள்.
"பெரிய வீடு விழுந்தா
நிண்டு பாக்க ஒரு இடம் வேணுமெல்லே" என்றேன்.
சிரிப்பை நிறுத்திவிட்டு
மிச்ச வெங்காயத்தை
தேவைக்கு மிஞ்சிப் பொடியாக அரிந்தாள்.

என்டர்.

சாம்பல் நிற மேசை. பெயரில்லாத பயனர்.
கடவுச்சொல் கேட்காத கதவு.
மணி ஒரு மணித்தியாலம் பிந்திக் காட்டுகிறது.
விசைப்பலகை அமெரிக்காவிலிருந்து வந்தது என்று நம்பி
இசட்டைத் தொட்டால் ஒய் போடுகிறது.
வட்டின் ஒரு மூலையிலிருந்து கிளம்பி
முழுதாக நினைவகத்தில் ஏறிக்கொள்ளும் அமைப்பு இது.
அணைத்தால்
இப்படி ஓர் இரவு நடந்ததே அதற்குத் தெரியாது.

விழுந்த வீட்டை வெளியிலிருந்து திறக்கிறேன்.
மவுண்ட். வாசிக்க மட்டும்.
ஓர் எழுத்தும் எழுதமாட்டேன்,
ஓர் ஓட்டையும் நகர்த்தமாட்டேன்.
உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி:
வரிப் பத்திரங்கள், மகனின் நீச்சல் சான்றிதழ்,
யாருடையதோ பூப்புனித நீராட்டு விழா, நானூறு படம்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை.
இந்த வழியால் வந்தவனுக்குப் பூட்டுகள் கிடையாது.
என் பெயர், அவள் பெயர்,
இரண்டும் இங்கே வெறும் கோப்புறைகள்.

சீட்டு என்று தேடினேன். பதினேழு கிடைத்தன.
பதினாறு என்னுடையவை.
பதினேழாவது அவளுடைய பக்கத்தில்.
பேர்னில் யாரோ பிடிக்கும் சீட்டு.
தொடங்கிய திகதி:
வெங்காயத்துக்கு நாலு நாள் பிந்தி.
அதற்கு அடுத்த வரியில், போன மாதம் வந்த ஒரு கோப்பு.
பெயரை வாசித்தேன். பெயரை மட்டும்.
தூன், ஒன்றரை அறை, ஒப்பந்தம்.

அம்புக்குறி அதன்மேல் நின்றது.
இரண்டு தட்டு, அவ்வளவுதான்.
கையெழுத்து இருக்கிறதா,
இல்லை, வெறும் படிவமா?
குளிர்பெட்டி ஒருமுறை உறுமி ஓய்ந்தது.
பதினாறையும் யூஎஸ்பியில் இறக்கிக்கொண்டேன்.

பிறகு வட்டைச் சோதிக்க விட்டேன்.
பிழைகள் உள்ளன, திருத்தவா என்று கேட்டது.
ஆம் என்பதற்கு ஒய்.
ஒய்க்கு இசட்டைத் தொடவேண்டும்.
இரண்டு முறை தவறாகத் தொட்டு
மூன்றாம் முறை தொட்டேன்.

ஆறு பத்துக்கு
மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் சூட்டோடு வந்தாள்.
சப்பாத்தைக் கழற்றியபடியே,
"எழும்பிட்டுதோ?"
"எழும்பிட்டுது."
"சீட்டுக் கணக்கு?"
"இருக்கு. எல்லாம் இருக்கு."
"அப்ப சின்ன வீடு உதவியிருக்கு" என்று
அன்றைப்போலவே சிரித்தாள்,
இன்று வெங்காயம் இல்லாமல்.

தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.
இங்கிருந்து தூனுக்கு
ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.
பேர்னில் இறங்கி மாறவேண்டும்.